ஆண் கூண்டில் பிரசவம்

காலையில் விலங்குக்கூடத்தின் வாசலில் நின்று முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து நெட்டையின் குரல் கேட்டது.

"தாயே, சீக்கிரம் வா. ஆண் கூண்டுல பிரசவம் ஆயிருக்கு."

நெட்டை என்னோடு ஒரே ஆய்வுக்குழுவில் வேலை பார்ப்பவன். எதையும் ஊதிப் பெரிதாக்குவான் என்பதால் நிதானமாகவே கையுறையைப் போட்டுக்கொண்டு போனேன். ஆனால் அவன் சொன்னது நிஜம். 'ஆண்' என்று நீலச் சீட்டு ஒட்டிய கூண்டில், கடித்துக் குதறிய காகிதத் துணுக்குகளுக்கு நடுவே இளஞ்சிவப்பாகக் குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் கவிந்து படுத்திருந்த சுண்டெலியின் காது வளையத்தில் ஒன்பது என்ற எண்.

"அப்பா யாரு?" என்றேன்.

"மூணு பேர் இருக்கானுங்க. மூணு பேரும் மூலையில ஒண்டிக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி முழிக்கிறானுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் கணக்கிலிருந்து ஆய்வுக்குழுத் தலைவர் தூக்கிப் போட்ட எலி அது.

நரம்பு வலிக்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நரம்பு கெட்டுப்போனால் சும்மா தொட்டாலே வலிக்கும். கால் நரம்பைக் காயப்படுத்திய எலியைக் கம்பி வலைமேல் நிறுத்தி, கீழேயிருந்து மெல்லிய நைலான் இழையால் அதன் பின்னங்காலைத் தொடுவோம். வலித்தால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். மருந்து கொடுத்த பிறகு எல்லா எலிகளும் தடித்த இழையைக்கூடப் பொறுத்துக்கொண்டன, ஒன்பதைத் தவிர. அது மெல்லிய இழைக்கே துள்ளியது. "ஊசி சரியா இறங்கியிருக்காது" என்றார் தலைவர். ஊசி போட்டது நான். சரியாகத்தான் இறங்கியது என்று அப்போதே சொன்னேன். இத்தனை எலிகளுக்கு நடுவில் ஒரு எலி என்ன சாட்சி என்று கேட்டுவிட்டு அதை நீக்கினார்.

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும்போதே ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துவிடுவோம். அந்த வயதில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாலுக்கு அடியில் மலத்துவாரத்துக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கொஞ்சம் குறைந்தால் பெண், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே கண் தவறுவது பெரிய குற்றமில்லை. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வாரக்கணக்காக நானும் நெட்டையும் வலைக்கு அடியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு அந்த எலிகளை அண்ணாந்து பார்த்தோம். வளர்ந்த எலியை அடியிலிருந்து பார்த்தால் ஆணா பெண்ணா என்று பளிச்சென்று தெரியும். நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு வேண்டியது பாதம். பாதத்தை மட்டும் பார்த்தோம்.

"தலைவர்கிட்ட யார் சொல்றது?" என்றான் நெட்டை.

"நான்."

வீட்டில் அக்கா இருக்கிறாள். பஸ் ஓட்டுநர். கணுக்கால் முறிந்து எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. போர்வை பட்டாலே அவளுக்கு உயிர் போகும். கிளட்சை மிதிக்க முடியாமல் டிப்போவில் வண்டிச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார்ந்திருக்கிறாள். மனிதர்களிடம் சோதனை ஆரம்பித்ததும் தன் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருந்தாள். அந்தச் சோதனைக்கு அனுமதி கேட்டு அறிக்கை அந்த வாரமே போகவிருந்தது. அதில் இருந்த எலிகள் எல்லாம் ஆண்கள். அறிக்கை கிளம்பிவிட்டால், பெண்ணுக்கு இந்த மருந்து கேட்குமா கேட்காதா என்பதை அக்காவின் காலில்தான் கண்டுபிடிப்பார்கள்.

தலைவர் கூர்மையான மனிதர். நான் சொல்லி முடிப்பதற்குள் பதிலை வைத்திருந்தார்.

"அது சினையா இருந்த எலிம்மா. அந்த நிலைமையில வலியே வேற மாதிரி இருக்கும். அதை வெச்சு என்ன முடிவு பண்ண முடியும்?"

"ஒண்ணும் முடியாது சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

"அதனாலதான் சினை இல்லாத பெண் எலிங்ககிட்ட செஞ்சு பாத்துடலாம்னு கேக்கறேன்."

"பெண் எலிக்கு நாலஞ்சு நாளைக்கு ஒரு சுழற்சி. இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. அளவெல்லாம் சிதறிடும். அதுக்குத்தானே எல்லாரும் ஆணையே எடுக்கறோம்?"

அவருடைய திரையிலேயே எங்கள் ஆண் எலிகளின் அளவுகளைத் திறந்தேன். புள்ளிகள் வானத்துக்கும் பூமிக்குமாகக் கிடந்தன.

"ஒவ்வொரு ஆண் கூண்டுலயும் ஒரு ரவுடி இருக்கான் சார். அவனும் அவன்கிட்ட கடி வாங்கினவனும் ஒண்ணா? இவ்வளவு சிதறலை நாம பொறுத்துக்கிட்டோம். பெண் எலி சிதறினா மட்டும் ஏன் பொறுக்க மாட்டேங்கறோம்?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"அறிக்கை தள்ளிப்போகும்."

"போகட்டும் சார்."

"உங்க அக்காவுக்காகவா கேக்கறீங்க?"

"அவங்களுக்கும் சேத்துத்தான். எனக்கு அக்காவே இல்லன்னாலும் இதையேதான் கேட்டிருப்பேன்."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "செஞ்சுட்டு வாங்க" என்றார்.

எங்கள் கூடத்தில் பெண் குட்டிகளை இனப்பெருக்கத்துக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுவது வழக்கம். கூடத்தின் பொறுப்பாளர் அம்மாவிடம் போய் நின்றபோது அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன, ரெண்டு பேரும் ஜோடியா பொண்ணு கேட்டு வந்திருக்கீங்களா?"

"ஒண்ணு ரெண்டு இல்லம்மா, ஒரு கூட்டமே வேணும்" என்றான் நெட்டை.

"கொடுக்கறேன். ஆனா இந்தத் தடவை நல்லா திருப்பிப் பாத்து வாங்கிட்டுப் போங்க. அப்புறம் ஏமாத்திட்டேன்னு வந்து நிக்கக் கூடாது."

மருந்து எது, வெறும் உப்புநீர் எது என்று எனக்குத் தெரியாதபடி நெட்டை ஊசிகளுக்குக் குறியீடு போட்டான். அவற்றுக்கும் அதேபோல நரம்பைக் காயப்படுத்தி ஊசி போட்டேன். வலைக்கு அடியில் குனிந்து இழையால் தொட்டேன். அளவுகள் சிதறின, ஆனால் ஆண் எலிகளில் சிதறியதைவிட அதிகமாக இல்லை.

தலைவர் அறையில் வைத்துத்தான் குறியீட்டைப் பிரித்தோம். மருந்து வாங்கிய பெண் எலிகளும் உப்புநீர் வாங்கிய பெண் எலிகளும் ஒரே மெல்லிய இழைக்குத்தான் காலை இழுத்திருந்தன. மருந்து அவற்றைச் சீண்டக்கூட இல்லை.

தலைவர் ஆண் எலிகளின் அளவுகளையும் பக்கத்தில் திறந்து வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"ஆணுக்குக் கேக்குது. அதுவும் பொய்யில்ல" என்றார் கடைசியில்.

"இல்ல சார். வலி ஒண்ணுதான். ஆனா ஆண் உடம்புல ஒரு பாதையிலயும் பெண் உடம்புல வேற பாதையிலயும் போகுதோ என்னவோ. நாம ஒரு பாதையை மட்டும் அடைச்சிருக்கோம்."

"ரெண்டு முடிவையும் அறிக்கையில பக்கத்துல பக்கத்துல போடுங்க. அனுமதியை ஆண்களுக்கு மட்டும் கேப்போம்." திரையை என் பக்கம் திருப்பினார். "ஒன்பதையும் எழுதுங்க. நான் நீக்கினதையும் சேத்து."

வீட்டுக்கு வந்தபோது அக்கா சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அப்போ எனக்கு இல்லையாடி?"

"இந்த மருந்து இல்லக்கா."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பஸ் கியர் மாற்றி மேடேறும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"சொல்லாம விட்டிருந்தா? நானும் போய்ப் போட்டிருந்தா?"

"வலி அப்படியே இருந்திருக்கும். மருந்துல குறையில்ல, இவளுக்கு வலி மனசுலதான்னு எழுதியிருப்பாங்க."

"அதைத்தான் ஏற்கெனவே ரெண்டு டாக்டருங்க சொல்லிட்டாங்களே." சிரித்துவிட்டாள். கண் கலங்கித்தான் இருந்தது. "சரி, அடுத்து என்ன?"

"பெண் எலிங்கள வெச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கறோம். தலைவர் சரின்னுட்டார்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியல."

"இவ்வளவு தைரியமா தெரியலைன்னு சொல்றவளை இப்பதான் பாக்கறேன்."

"எங்க தேடக் கூடாதுன்னு தெரிஞ்சு போச்சுக்கா. பாதி வேலை அதுதான்."

அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்து இடது காலை மெல்லத் தூக்கி, நான் உட்காரும் அளவுக்கு நகர்த்தி வைத்தாள்.