வாயில்லாத ரீடர்

தம்பி இரண்டு கருவிகளைக் கொண்டுவந்து துணி வெட்டும் மேசைமேல் வைத்தபோது அக்காவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அதை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் கண்ணுக்காகத்தானே அவன் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

தையல் கடை தங்கையுடையது. வீட்டின் முன்னறைதான் கடை. சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் வரத்து குறைந்ததும் தங்கை மெஷினில் உட்காருவாள். அக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். நல்ல குரல். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஊருக்கே சொன்ன குரல் அது. பிறகு நிலையத்துக்குப் பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. அக்காவை டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். தலைக்கு மேலே எவளோ ஒருத்தி பிசிறில்லாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மிச்ச சர்வீஸை முடித்தாள். ஓய்வு பெற்று தங்கை வீட்டுக்கு வந்த பிறகு, கேட்பதற்குத் தங்கை ஒருத்தி இருந்தது அவளுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது கண் மக்கர் செய்கிறது. ஆபரேஷனுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து எறும்பு ஊர்வதுபோல்தான் தெரியும். கப்பல்காரர்களைப் பற்றிய ஐந்து பாக நாவல் ஒன்று நான்காம் பாகத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது.

தம்பி கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்கிறவன். சட்டைப்பையிலிருந்து எப்போதும் ஒரு ஒயர் தொங்கும். தெருவே அவனைச் சார்ஜர் என்றுதான் கூப்பிடும், நாளடைவில் அக்காக்களும்.

"இது டேப்லெட்," என்றான். "படம் பார்க்கலாம், முகம் பார்த்துப் பேசலாம், காலர் டிசைன் தேடலாம் சின்னக்கா. இது ரீடர். புத்தகம் மட்டும்தான். வேற ஒரு மண்ணும் தெரியாது."

"பெரியக்கா மாதிரின்னு சொல்லு," என்றாள் தங்கை, வாயில் குண்டூசியோடு.

"ரெண்டுலயும் உங்க கப்பல் கதையை ஏத்தியிருக்கேன். ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. பிடிச்சது உங்களுக்கு என் கணக்குல. இன்னொண்ணு கடைக்குத் திரும்பி வந்துடணும்."

முதலில் டேப்லெட்தான் கொடி கட்டிப் பறந்தது. கோட்டு தைக்க வந்த ஒருவர் தனக்கு வேண்டிய பாக்கெட் மாதிரியைப் படத்தில் விரலால் பெரிதாக்கிக் காட்டினார். ரீடரைப் பார்த்து, "என்ன இது, நனைஞ்ச பேப்பர் மாதிரி சாம்பலா இருக்கு?" என்று தங்கை முகத்தைச் சுளித்தாள். பக்கம் திருப்பினால் அது ஒருமுறை கறுத்து, கண் சிமிட்டி, யோசித்து, பிறகுதான் அடுத்த பக்கத்தைக் காட்டியது.

ஆனால் படிக்க உட்கார்ந்தபோது கதை வேறாக இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் டேப்லெட் அக்காவின் முகத்தையே அவளுக்குக் காட்டியது. திரையைப் பிரகாசமாக்கினால் கண்ணில் நீர் கட்டியது. புயல் நடுக்கடலில் வீசும்போது மேலே ஒரு பட்டை இறங்கி, யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். மணிக்கட்டு வலித்தது. ரீடரோ கையில் இருப்பதே தெரியவில்லை. எழுத்தைக் கடைப் பெயர்ப்பலகை அளவுக்குக்கூடப் பெரிதாக்கலாம். வெயில் பட்டாலும் காகிதம்போலக் கிடந்தது. அக்காவுக்கு அதன்மேல் மெல்ல ஒரு பட்சம் உண்டாயிற்று.

அதைச் சொல்வதற்குள் சார்ஜர் வந்துவிட்டான்.

"கண்ணை ஏன் வருத்திக்கறே பெரியக்கா? டேப்லெட்டே படிக்கும்," என்று எதையோ தட்டினான்.

டேப்லெட்டிலிருந்து ஒரு பெண் குரல் கிளம்பியது. பிசிறில்லாத குரல். இவள் இங்கேயும் வந்துவிட்டாளா என்று அக்காவுக்குப் பயம் தட்டியது.

"அட, நல்லாத்தான் படிக்குது," என்றாள் தங்கை. "நீயும் கொஞ்சம் சாஞ்சு உட்காருக்கா. தொண்டைக்கும் ஓய்வு."

அக்கா சாய்ந்து உட்கார்ந்தாள். கை எதையும் பிடிக்காமல் மடியில் கிடந்தது. அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அது அவளுக்கு மட்டுமே தெரிந்தது. டேப்லெட் நான்காம் பாகத்தைப் படித்துக்கொண்டே போனது. கேப்டன் வந்தான், மாலுமிகள் வந்தார்கள். தங்கை மெஷினை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தாள்.

"சமையல்காரன் எங்கடா?" என்று கேட்டாள் கடைசியில்.

ஒற்றைக் காது கொண்ட கப்பல் சமையல்காரன்தான் தங்கைக்கு அந்த நாவலிலேயே உயிர். மற்றவர்களை அவள் "அந்த ஆளுங்க" என்பாள்.

"இந்த மெஷின் அவன் வர்ற இடத்தையெல்லாம் முழுங்கிடுது," என்றாள். "ரிப்பேர் பண்ணு."

"முழுங்காதுக்கா. இரு, தேடிப் பார்த்துடலாம்." சார்ஜர் விரலால் தட்டினான். புருவம் ஏறியது. "ரெண்டாம் பாகத்துலயே காய்ச்சல்ல செத்துப் போயிட்டான் சின்னக்கா. கடல்ல போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் அஞ்சாம் பாகம் முடியற வரைக்கும் ஆள் இல்லை."

"போடா. போன மாசம்தானே துறைமுகத்துல மீன்காரியோட சண்டை போட்டான்."

சார்ஜர் திரையைப் பார்த்தான். பிறகு பெரியக்காவைப் பார்த்தான். ஒயரைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி நழுவினான்.

தங்கை துணியை ஊசிக்கடியில் தள்ளினாள். மெஷினை மிதித்தாள். ஒரு திரைச்சீலையின் ஓரம் முழுதும் அடித்து முடித்தாள். அக்காவுக்கு அந்தச் சத்தம் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

இரண்டாம் பாகம் படித்தது தங்கையின் கணவர் இறந்த வருஷம். கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. யார் என்ன சொன்னாலும் மரம்போல் இருந்தவள், சமையல்காரன் வரும் இடத்தில் மட்டும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா பக்கத்தைத் திருப்பினாள். காய்ச்சல், ஜன்னி, சாவு என்று அங்கே இருந்தது. மூச்சு விடாமல் அக்கா அவனுக்குக் காய்ச்சலைத் தணியவைத்தாள். கஞ்சி கேட்கவும் வைத்தாள்.

பிழைக்கவைத்ததோடு போயிற்றா? பிழைத்தவனுக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டியிருந்தது. எந்த அத்தியாயத்தில் யார் பேசினாலும் நடுவே அவனை நுழைத்து இரண்டு வார்த்தை பேசவிட வேண்டும். கப்பலே ஓரிடத்தில் மூழ்கியது. அவனை ஒரு பீப்பாயில் ஏற்றிக் கரை சேர்ப்பதற்குள் அக்காவுக்கு வேர்த்துவிட்டது.

தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"புயல்ல கேப்டன்கிட்டச் சொல்வானே. 'கப்பல் கவுந்தா கவுழட்டும், வெங்காயம் வதங்கற வரைக்கும் மட்டும் பொறுக்கச் சொல்லுங்க'ன்னு. அது?"

"அது நான்."

"மீன்காரி சண்டை?"

"நான்தான்டி."

"பொண்ணு கேட்டுப் போயி, மாமியார் வீட்டு அடுப்பைக் குறை சொல்லிட்டு வந்தானே?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"புத்தகத்துல அவன் எப்படி?"

"சும்மா இருப்பான். நாலு தடவைதான் வருவான்." அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மெஷின்னா உள்ளதை உள்ளபடி படிக்கும். அதுவே இருக்கட்டும். உனக்கு டிசைன் பார்க்கவும் ஆகும்."

தங்கை எழுந்து இரவுச் சமையலைக் கவனிக்கப் போனாள்.

மறுநாள் சார்ஜர் வந்தபோது வாசலிலேயே பதுங்கினான்.

"உள்ள வாடா, யாரும் கடிக்க மாட்டோம்," என்றாள் தங்கை. மேசைமேல் இருந்த ரீடரைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வாய் விட்டுப் படிக்குமா?"

"இதுல ஸ்பீக்கரே கிடையாதுக்கா. வாயில்லா ஜீவன். அதனாலதான் டேப்லெட்டை வெச்சுக்கன்னு..."

"அப்ப இதைக் கொடு. அதைத் தூக்கிட்டுப் போ."

"சின்னக்கா, காலர் டிசைன்..."

"காலருக்கு என் போன் போதும். அந்தப் பொம்பளை நல்லாத்தான் படிக்கறா. ஆனா எழுதியிருக்கறதைத்தானே படிக்கறா."

சார்ஜர் டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியக்காவைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் தங்கை மெஷினில் பாபின் மாற்றினாள். அக்கா ரீடரில் எழுத்தைப் பெரிதாக்கி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள். குட்டு வெளிப்பட்டவளாயிற்றே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி படித்தாள். மாலுமிகள் தீவில் இறங்கினார்கள். தண்ணீர் தேடினார்கள். கேப்டன் கப்பலிலேயே நோயில் படுத்தான். பக்கம் கறுத்துச் சிமிட்டியது. அடுத்த பக்கத்திலும் கேப்டன் படுத்தே கிடந்தான்.

மெஷின் நின்றது.

"சமையல்காரன் எங்க?"

"அவன்தான் செத்துட்டானேடி."

"தெரியும். நேத்து ராத்திரி அவனுக்காகக் கொஞ்சம் அழுதுட்டேன்." தங்கை துணியைத் திருப்பிப் போட்டுக் காலரை நேராக்கினாள். "கேப்டனுக்குக் கஞ்சி யார் வெப்பா? சமையல்கட்டுல பாரு, இருப்பான்."

அக்கா ரீடரைப் பார்த்தாள். பிறகு அதை மடியில் சாய்த்து, ஜன்னலுக்கு வெளியே எங்கோ பார்த்தபடி, ரயில் நிலையத்தில் வண்டி வருவதைச் சொல்லும் அதே குரலில் ஆரம்பித்தாள்.

"அப்போது கையில் கரண்டியோடு மேலே ஏறி வந்தான் சமையல்காரன். 'யாருடா அது, நான் உயிரோடு இல்லை என்று ஊர் முழுக்கச் சொன்னது?' என்று கேட்டான்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.