வெடிக்காத போத்தில்

பியர் காய்ச்சுவதில் யேசுரட்ணம் கெட்டிக்காரன். போத்தில் பார்த்து எடுப்பதில்தான் சுத்த விசரன்.

பதினாறு வருசத்துக்கு முன், அண்ணன் மகள் றூபினி கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மை விருந்துக்கு, வீட்டில் காய்ச்சிய பியரைக் கொண்டுபோனான். அடைத்திருந்தது பூசை வைன் வந்த வெறும் போத்தில்களில். கோயிலில் கேட்டு வாங்கியவை. கறுப்பாய், பாரமாய் இருந்ததைக் கண்டு ஏமாந்துவிட்டான். போதாததற்கு, "பீடத்திலை நிண்ட போத்தில் அண்ணை, வெடிக்குமே?" என்று சவால் வேறு. காஸ் இல்லாத வைனுக்குச் செய்த கண்ணாடி பியரைத் தாங்குமா? மேசையில் ஒன்று வெடித்து, எட்டு வயதுப் பிள்ளையின் கன்னத்தைக் காதடியிலிருந்து வாய் வரைக்கும் கிழித்தது. அண்ணன் மரியநாயகம் அன்றைக்குத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர்தான்.

இப்போது றூபினிக்குக் கல்யாணம். மரியநாயகமும் மனைவியும் வெம்பிளியிலிருந்து, தம்பி இருக்கிற பார்க்கிங் என்ற ஊருக்கு வந்து, வீடு வீடாய் ஏறிக் கார்ட் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். யேசுரட்ணம் மூன்று சனிக்கிழமை வெளிக்கிட்டு, சேட்டும் போட்டு, ஜன்னலோடு நின்றான். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள் இவன் கேற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில் தான் இல்லை என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

அதற்கு அவன் கண்டுபிடித்த மருந்தைப் பாருங்கள். திரும்பவும் பியர் காய்ச்சினான்! பிழை போத்திலில்தானே, சரியான போத்திலைக் காட்டினால் அண்ணனுக்கு விளங்கும் என்பது அவன் கணக்கு.

இந்தமுறை நாலு பேரிடம் கேட்டான். காஸ் அடைத்து வந்த சோடாப் பிளாஸ்டிக் போத்தில்தான் காஸைத் தாங்கும். தண்ணீர், பால் போத்தில் உதவாது என்றார்கள். செலவும் இல்லை, உடைந்து சிதறவும் மாட்டாது. கீறல் விழுந்ததை எறிந்தான். சீனியை நிறுத்துப் போட்டான். கழுத்தில் இரண்டு விரலளவு இடம் விட்டு மூடி, காஸ் மிஞ்சுகிறதா என்று ஒவ்வொரு நாளும் அமத்திப் பார்த்தான்.

"ஆர் உங்களிட்டைப் பியர் கேட்டது? வெறுங்கையோட போய் மன்னிப்புக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி டொலறஸ்.

"மன்னிப்பை எப்பிடியப்பா காட்டுறது? இதைக் காட்டலாம்."

கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன், பலகாரம் சுடுகிற நாள். அதற்குச் சொந்தக்காரருக்குத் தனியாய்ச் சொல்லத் தேவையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆறு போத்திலோடு வெம்பிளிக்குப் போனான்.

கதவைத் திறந்தது றூபினி. கை முழுக்க அரிசிமா. அந்தத் தழும்பும் அவளோடு வளர்ந்திருந்தது.

அவள் ஆளை அடையாளம் கண்டாள். "சித்தப்பாவோ? உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.

ஐயோ, அந்தச் சொல்லோடு காலை எடுத்து உள்ளே வைத்திருக்கலாமே! பாவி மனுசன் பைக்குள் கையை விட்டான்.

"பாரம்மா, இது வெடியாது. சித்தப்பா இந்தமுறை வடிவாப் பார்த்து எடுத்தனான்," என்று ஒரு போத்திலைத் தூக்கி வாசல் சீமெந்தில் ஓங்கிப் போட்டான்.

தொம்மென்று விழுந்து உருண்டது. றூபினி வீரிட்டுக் கத்திக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியபடி நிலத்தில் குந்திவிட்டாள்.

பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த குசினியிலிருந்து மரியநாயகம் ஓடி வந்தார். மகளைத் தூக்கி உள்ளே விட்டார். போத்திலை எடுத்துத் தம்பியின் பைக்குள் வைத்தார். அடித்திருந்தாலும் பரவாயில்லை, அடிக்கவில்லை.

"ஆரும் சோடா திறந்தாலே முகத்தைப் பொத்துற பிள்ளையடா அவள். போ தம்பி. இனி வராதை."

கதவு சாத்துப்பட்டது. பதினாறு வருசத்துக்குப் பிறகு அண்ணன் பேசிவிட்டார்; இனிப் பேசமாட்டார். யேசுரட்ணம் பையைத் திறந்து பார்த்தான். போத்திலில் ஒரு கீறல்கூட விழவில்லை.