மீனுக்குச் சிவப்பு

1

இந்தக் கதை எனக்குப் பரிமாறும்போது கிடைத்தது. மர்சியாக் ஊர் விருந்துகளில் பல வருஷமாகத் தட்டு தூக்குகிறவன் நான். விருந்தில் நடந்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுதத்தான் வரவில்லை.

முதல் தொடக்கம்: 'செம்மண் சரிவில் மாலை வெயில் விழுந்தபோது ஓதில் கண்களை...' வேண்டாம். திராட்சை பயிரிட்டு ஒயின் வடிக்கிற ஓதில் ஃப்ரேஸ் வெயிலை ரசித்து நிற்கிறவள் இல்லை.

இரண்டாவது: 'மீனுக்கு வெள்ளை ஒயின், கறிக்குச் சிவப்பு என்று வாத்தியார் சொன்னார்.' இது இருக்கட்டும். சண்டை இங்கேதான் தொடங்கியது.

2

விருந்துக் குழுவுக்கு அந்த வருஷம் புதுத் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார் கப்ரோலியே. விருந்தென்றால் எங்களுக்கு எஸ்டோஃபி. கல்லாய்க் காய்ந்த மீனை நாள்கணக்கில் ஊறவைத்து வேகவைத்து, உருளைக்கிழங்கு, முட்டை, பூண்டு சேர்த்துப் பிசைந்து, மேலே கொதிக்கக் கொதிக்க அக்ரூட் எண்ணெயை ஊற்றுவோம். கூடவே எங்கள் ஊர்ச் சிவப்பு ஒயின். அதைத்தான் கப்ரோலியே மாற்றினார். ஓதிலின் ஒயினில் இரும்பு தூக்கல், மீனோடு சேர்ந்தால் துருவை நக்கின மாதிரி இருக்கும் என்று கூட்டத்திலேயே சொன்னார். வேற்றூர் வெள்ளை ஒயின் பெட்டி பெட்டியாக வந்திறங்கியது.

(அவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். முடியவில்லை. பல மீன்களுக்கு அவர் சொன்னது உண்மை.)

ஓதிலின் அப்பா அந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தார். திராட்சைச் சரிவை விற்றுவிடு, தனியாக உன்னால் ஆகாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. அவள் பெயர் ஒட்டிய முதல் புட்டிகள் அப்போதுதான் தயாராகியிருந்தன. சொந்த ஊர் விருந்திலேயே இடமில்லாத ஒயினை யார் சீந்துவார்கள்?

3

விருந்துக்கு முந்தின நாள் சமையற்காரி ஜோசெத்திடம் ஒரு தட்டு எஸ்டோஃபி கேட்டு வாங்கி, தன் ஒயினோடு சாப்பிட்டுப் பார்த்தாள். வாத்தியார் சொன்ன அதே துருவாடை.

(இங்கே 'அழுதாள்' என்று எழுதி அடித்துவிட்டேன். அழுததாக ஜோசெத் சொல்லவில்லை.)

புட்டியைக் கொண்டுபோய் ஊர் ஊற்றுத் தொட்டியில் அமிழ்த்தினாள். குளிர்ந்ததும், மீன்மேல் புதிதாய்ச் சூடான எண்ணெய் ஊற்றச் சொல்லி மறுபடி ஒரு வாய். ஒயினில் காரமும் பழவாசனையும் எழுந்தன. சூடான எண்ணெய் மீனின் கவிச்சையை மூடிக்கொண்டது. துரு போயே போய்விட்டது. விருந்துக்கென்று இன்னும் கொஞ்சம் புட்டிகள் தொட்டிக்குள் போயின.

4

மறுநாள் மதியம், கூடம் நிறைய ஆட்கள். குளிர்ந்த புட்டியோடு ஓதில் நேராகத் தலைவர் மேசைக்குப் போனாள்.

"வாத்தியாரே, ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். நீங்க மூஞ்சி சுளிச்சா இன்னிக்கு முழுக்க உங்க வெள்ளைய நானே எல்லாருக்கும் ஊத்துறேன்."

"எல்லார் முன்னாடியும் எதுக்கும்மா இது?"

"எல்லார் முன்னாடியும்தானே இரும்புன்னு சொன்னீங்க."

"சட்டுனு சாப்பிடுங்க, எண்ணெய் ஆறுது," என்றாள் அடுக்களை வாசலிலிருந்து ஜோசெத்.

அவர் சாப்பிட்டார். குடித்தார். இந்த இடத்தில் அவருக்காக அழகழகாய் வசனம் எழுதிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. உள்ளபடி நடந்தது இதுதான்: அவர் இன்னொரு வாய் எடுத்தார், மீதியைக் குடித்து முடித்தார், பிறகு தன் முன்னாலிருந்த வெள்ளைப் புட்டியை என்னிடம் நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போப்பா." காலிக் கோப்பையை ஓதில் பக்கம் நகர்த்தினார்.

கூடமே மேசையைத் தட்டியது. எல்லாப் பக்கத்திலிருந்தும் அவளைக் கூப்பிட்டார்கள். விருந்தின் கடைசியில் பாலாடைக்கட்டி வருவதற்குள் புட்டிகள் தீர்ந்து, சரிவை விற்கச் சொன்ன ஆட்களே வண்டி எடுத்துக்கொண்டு அவள் நிலவறைக்குப் போய் மிச்சத்தைச் சுமந்து வந்தார்கள். தலை நிமிர்ந்து, கை ஓயாமல் ஊற்றினாள்.

5

முடிவு ஒன்று: வாத்தியார் மன்னிப்புக் கேட்கிறார். முடிவு இரண்டு: அவள் அப்பாவை நினைத்து... இல்லை.

எல்லாரும் எழுந்த பிறகு கப்ரோலியே அவளிடம் போய்க் காதோரம் ஏதோ சொன்னார். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஓதில் தலையைப் பின்னால் சாய்த்து, கூடம் அதிரச் சிரித்தாள். பிறகு கேட்டதற்கு, "அது எனக்குச் சொன்னது," என்று முடித்துக்கொண்டாள்.

அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அந்தச் சிரிப்புக்கு ஈடாக இருக்கட்டும்.