ஒரு நூல் ஆட்டம்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மனித குலத்தின் துயரம் தாங்காமல் பேனாவை எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுக்காரர் ஒரு பெரிய வண்டி வைத்திருக்கிறார். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். உட்காருவது மூன்றே பேர். அதன் பக்கத்தில் என் சின்ன கார் நிற்கும்போது, அது போட்ட குட்டி மாதிரி இருக்கும். போன வாரம் இரண்டு வண்டிக்கும் வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை வந்தது. என்னுடையது ஃபெயில். ஹெட்லைட் வெளிச்சம் கொஞ்சம் மேலே பார்க்கிறதாம். அவருடையது முதல் தடவையிலேயே பாஸ்.

"இந்த மாடல் எப்பவுமே பாஸ்தான் சார்," என்றார் அவர், மாடிப்படியில் என்னை நிறுத்தி வைத்து. "புள்ளிவிவரமே இருக்கு. வேணும்னா தேடிப் பாருங்க."

தேடிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். இருந்தது. அந்த அளவு வண்டிகளிலேயே சோதனையில் தேறுவதில் அந்த மாடலுக்குத்தான் முதலிடம். அந்த வண்டியை வாங்குகிறவர்கள் சோதனைக்கு முன்பே பட்டறைக்கு அனுப்பி எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறவர்கள். தேறுவது வண்டியா, அவர்களுடைய வசதியா என்றெல்லாம் யோசித்து மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. நிஜத்தில் முடியாவிட்டால் போகட்டும், கதையிலாவது அந்த வண்டியை ஃபெயில் ஆக்கிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "தினமும் காலையில் அந்த வண்டி வாசல் மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு". பாதியில் விட்டுவிட்டேன். கதைக்குத் தேவைப்படாது. அடிக்க மனம் வரவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.)

2

தொடக்கங்கள்.

"அதிகாலைப் பனியில் பரிசோதனை நிலையம் உறங்கிக்கொண்டிருந்தது." நிலையம் எதற்கு உறங்க வேண்டும்? தூக்கம் எனக்குத்தான் வருகிறது.

"அவர் நேர்மையானவர்." இப்படி ஆரம்பித்தால் மூன்றாம் பக்கத்தில் அவர் லஞ்சம் வாங்கப்போகிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

"பரிசோதகருக்குத் தன் சகலையைப் பிடிக்காது." இது பரவாயில்லை. ஒரு வரியில் கல்யாணம், மாமியார் வீடு, மனத்தாங்கல் மூன்றும் வந்துவிட்டன.

3

பரிசோதகருக்குத் தன் சகலையைப் பிடிக்காது. அதை வெளியே சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் சகலை ரொம்ப நல்லவர். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம், கேட்காமலே உதவி. ஒரு மனிதனிடம் குறையே கண்டுபிடிக்க முடியாதது எவ்வளவு பெரிய எரிச்சல் என்பது குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத்தான் தெரியும்.

மாமியார் வீட்டில் பரிசோதகர் மூத்த மருமகன். ஆனால் சகலையின் பெரிய வண்டி வாசலில் வந்து நின்றால் வீடே எழுந்து வெளியே வரும். பரிசோதகர் போனால் உள்ளிருந்தபடியே "கதவு தொறந்துதான் இருக்கு" என்று குரல் வரும். அவர் மனைவியும் சும்மா இருப்பதில்லை.

"தங்கச்சி வண்டில ஏறினா தூக்கம் தூக்கமா வருதுங்க. நம்ம வண்டில உக்காந்தா முதுகெலும்பு எத்தனைன்னு எண்ணிடலாம்."

சோதனை நிலையத்தில் அந்த மாடலுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வரும், நிற்கும், எல்லாரும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள், குறை ஒன்றும் சொல்லாமல் மரியாதையாக அனுப்பிவைப்பார்கள். அன்றைக்குப் பரிசோதகரின் வரிசையில் ஒரு மாப்பிள்ளை வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிச் சிரித்தவர் சகலை.*

"அண்ணே! உங்க வரிசையா? அப்ப கவலையே இல்ல. நாளைக்குக் காலைல எல்லாரும் மலைக்குக் கிளம்பறோம். அண்ணி, பாப்பா எல்லாம் இதுலதான். உங்களுக்குத்தான் லீவு கிடைக்கலையாமே?"

அண்ணி என்றால் பரிசோதகரின் மனைவி. பாப்பா என்றால் அவருடைய ஒரே மகள். மலைக்குப் போகும் விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியும். கிடைக்காத லீவைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

[* சொந்தக்காரர் வண்டியைச் சோதிக்கக் கூடாது என்று விதி இருக்குமே என்பீர்கள். இருக்கும். ஆனால் விதியை எழுதியவர் அப்பா, பிள்ளை, மனைவி என்று எழுதி நிறுத்தியிருப்பார். சகலை என்று ஒரு உறவு இருப்பது அவருக்கு நினைவு வந்திருக்காது. அவர் கொடுத்துவைத்தவர்.]

4

ஹெட்லைட் பச்சை. புகை பச்சை. பிரேக் உருளைமேல் ஏற்றிப் பார்த்தார், அதுவும் பச்சை. ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் பரிசோதகரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கடைசியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கினார்.

இங்கேதான் எனக்குக் கை அரித்தது. எழுதுகிறவன் நான். எதை வேண்டுமானாலும் உடைத்து வைக்கலாம். பிரேக் குழாயை அரித்துவிடலாம், டயரைக் கிழித்துவிடலாம். ஆனால் பெரிய குறையாக வைத்தால் கதை செத்துவிடும். யார் வேண்டுமானாலும் ஃபெயில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். பார்க்கிறவர் மனதைப் பொறுத்து இருப்பதாகவும் இல்லாததாகவும் தோன்றுகிற குறை வேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கும் மூட்டு ஒன்று உண்டு. பால் ஜாயின்ட் என்பார்கள். நம் தோள்மூட்டு மாதிரி கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. தேய்ந்தால் ஆட ஆரம்பிக்கும். ரொம்பத் தேய்ந்தால் ஒருநாள் கழன்று, சக்கரம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போகும். பரிசோதகர் வலதுபக்க மூட்டுக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பினார். ஆடியது. ஒரு நூல் இருக்கும். பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். மகள் இந்த வண்டியில் போகப்போகிறாள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. சந்தோஷம் முன்னால், மகள் பின்னால் என்று வந்ததைக் கவனித்ததும் அவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. திரும்ப நெம்பினார். ஒரு நூலா, அரை நூலா? இன்னொரு தடவை நெம்பினார். ஆடுவது மூட்டா, தன் கையா என்றே தெரியவில்லை. கொஞ்சம் ஆடலாம், அதிகமாக ஆடக் கூடாது. கொஞ்சம் எங்கே முடிகிறது என்று சொல்வதற்குத்தான் அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"என்ன அண்ணே, கீழயே படுத்துட்டீங்களா?" என்று மேலிருந்து சகலை கேட்டார்.

பரிசோதகர் அடுத்த வரிசையிலிருந்து சோடாபுட்டியைக் கூப்பிட்டார். தடித்த கண்ணாடி போட்டவர், நிலையத்திலேயே பழைய கை. அவரும் இறங்கி நெம்பிப் பார்த்தார்.

"இருக்குன்னா இருக்கு, இல்லைன்னா இல்லை. வேற யாரோட வண்டியாவது இருந்தா என்ன போடுவே?"

"ஃபெயில்தான்."

"அப்ப போடு."

"போட்டா என்ன சொல்லுவாங்கன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? நானே சொல்லுவேன்," என்று சொல்லிவிட்டு சோடாபுட்டி மேலே ஏறிப் போய்விட்டார்.

5

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் கொடுத்தேன். சமையலறை மேஜையில் வைத்துப் படித்தாள்.

"ஃபெயில் போட்டாரா, இல்லையா?"

"மூணு முடிவு வெச்சிருக்கேன்," என்றேன்.

முதலாவது. ஃபெயில் போடுகிறார். பயணம் நின்றுபோகிறது. பட்டறையில் ஒன்றுமில்லை என்கிறார்கள். மாமியார் வீட்டில் அன்றிலிருந்து "கதவு தொறந்துதான் இருக்கு" என்ற குரலும் வருவதில்லை.

இரண்டாவது. ஃபெயில் போடுகிறார். மூட்டு நிஜமாகவே தேய்ந்திருக்கிறது. சகலை எல்லார் முன்னிலையிலும் அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறார். இரண்டு பக்கமும் புது மூட்டுப் போட்டதில் வண்டி முன்னைவிடச் சுகமாகப் போகிறது. "இப்ப இன்னும் நல்லாத் தூக்கம் வருதுங்க," என்கிறாள் மனைவி. பொறாமைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இதுதான்.

மூன்றாவது. பாஸ் போடுகிறார். "மறுநாள் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில்" என்று எழுதிவிட்டு

அதற்குமேல் போகவில்லை. அந்த வண்டியில் ஒரு குழந்தை இருக்கிறது.

என் மனைவி முடிவுகளை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். "பால் ஜாயின்ட் பத்தியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? நம்ம கார் மூடியையே திறக்கத் தெரியாதே உங்களுக்கு."

"தேடிப் படிச்சேன்."

"கதைக்காகவா?"

நான் டம்ளரைக் கழுவப் போனேன். அவள் தாள்களைத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்தாள். அடைப்புக்குறிக்குள் பாதியில் நின்ற வாக்கியத்தில் விரலை வைத்தாள்.

"முன்பக்கத்திலிருந்து ஒரு? ஒரு என்ன?"

பத்திரிகை ஆசிரியர்கள் யாரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

"சத்தம்," என்றேன். "டொக்குன்னு ஒரு சத்தம். மேட்டுல ஏறி இறங்கறப்ப எல்லாம் வருது. அது என்னவா இருக்கும்னுதான் படிச்சுப் பாத்தேன்."

"எத்தனை நாளா வருது?"

"ஒரு மாசமா இருக்கும்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவர் வண்டி பாஸ். என் வண்டி ஃபெயில். நான் போய் உங்க வண்டி சரியில்லைன்னா அவர் என்ன நினைப்பார்?"

"என்ன வேணா நினைக்கட்டும். நாளைக்கு விடிஞ்சா குழந்தையக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போறாங்க. மேல பெட்டிய இழுக்கற சத்தம் கேக்கலையா? உங்களுக்குத்தான் காது நல்லாக் கேக்குமே."

(கதையில் மலை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.)

6

பாஸ் என்றால் என்ன? அந்த நாளில், அந்த அரை மணி நேரத்தில், அந்த ஒருவர் கண்ணுக்குத் தப்பியது போக மீதி நன்றாயிருக்கிறது என்று பொருள். நானோ தினமும் ஜன்னலோரம் நின்று அந்த வண்டியைப் பார்க்கிறேன். எப்போது கீறல் விழும், எப்போது கிளம்பாமல் நிற்கும் என்று பார்க்கிறேன். அதை என் அளவுக்கு உன்னிப்பாகக் கவனித்தவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. சொந்தக்காரர்கூட இல்லை. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே பாட்டுக் கேட்டபடி போகிறவர்.

பரிசோதகர் குழிக்குள்ளேயே இருக்கட்டும். அவரை வெளியே எடுக்க எனக்கு நேரமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

ஏறும்போதும் தொடக்கங்கள்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்." இப்படி ஆரம்பித்தால் கேட்பவர் அந்த நொடியே தப்பாக நினைக்க ஆரம்பித்துவிடுவார். "உங்க வண்டி அருமையான வண்டி சார், ஆனா." அருமை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. "எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்." எனக்கு மெக்கானிக் யாரையும் தெரியாது.

மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் கையில் வண்டிச் சாவி இருந்தது. அவருக்குப் பின்னால் பெட்டிகள் வரிசையாக நின்றன. பெட்டிமேல் குழந்தையின் தொப்பி.

"வாங்க சார், வாங்க. உங்க ஹெட்லைட் சரியாயிடுச்சா?"

வயிறு பற்றி எரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சார், உங்க வண்டி மேல எனக்குப் பொறாமை," என்றேன். "ரொம்ப நாளாவே. அதனாலதான் தினமும் அதையே பாத்துக்கிட்டு நிக்கறேன். அப்படி நின்னதாலதான் என் காதுல விழுந்துது. முன்பக்கம் ஒரு சத்தம் வருது. பால் ஜாயின்ட்டா இருக்கலாம், ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம். நாளைக்கு அதுல மலை ஏறாதீங்க."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. சாவியைப் பார்த்தார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு சுற்றுப் பார்த்தார். போன வாரம் சோதனை நிலையத்தில் என் காரை அப்படித்தான் பார்த்தார்கள்.

"பாஸ் ஆன வண்டி சார் இது," என்றார் மெதுவாக.

அவ்வளவுதான், இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. குழிக்குள் இருப்பவருக்கும் நான் சொன்ன அதே வார்த்தைகளைக் கொடுத்துவிட்டேன். சகலையிடம் சொல்வதும் சொல்லாததும் அவர் பாடு. சாவியோடு வாசல்படியில் நிற்கிறவரை உங்களிடம் விடுகிறேன். அந்த மாடலின் புள்ளிவிவரம் உங்களுக்குத் தெரியும். என்னைப் பற்றியும் முதல் வரியிலிருந்தே தெரியும். குழந்தை உள்ளேயிருந்து தொப்பியைத் தேடிக்கொண்டு வருகிறது. சாவி உங்கள் கையில் இருந்தால், நான் சொல்வதை நம்புவீர்களா?