படிக்குக் கீழே ஓர் இடம்

படிக்குக் கீழே இருந்த சாமான் அறையின் கதவை அம்புறோஸ் கழற்றிக்கொண்டிருந்தார். பிணைச்சல் ஆணிகளில் வெள்ளைப் பெயின்ற் ஏறி இறுகிப் போயிருந்தது. பெயின்ற் அடித்தவனை ஒருக்கால், வீட்டுக்காரனை ஒருக்கால் என்று மாறி மாறித் திட்டினார். உண்மையில் கோபம், பகலில் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெறியில் எல்லாரும் 'மடம்' என்று கூப்பிடும் ஆசிரியை மேல்தான்.

நாலு வயதுப் பேத்தி ஜொவானா கார்டெறியில் இரண்டு பிள்ளைகளைக் கடித்துவிட்டாள். ஆனி மாதம் தாய் றொஷினி செத்ததிலிருந்து அவள் ஒருவரையும் தன்னைத் தொட விடுவதில்லை. தகப்பன் டனிஸ்ரன் சீப்பெடுத்துத் தலை இழுக்கப் போனாலும் உதடு நீலம் பாரிக்குமட்டும் கத்துவாள். மடம் அவனைக் கூப்பிட்டு இருத்தி, வீட்டில் அமைதியாக ஓர் இடம் செய்து கொடுங்கள், அழுகை வந்தால் பிள்ளை தானாகவே அங்கே போய் இருக்கட்டும், மெத்தையும் மங்கல் வெளிச்சமும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அழுற பிள்ளையை மூலையில விடுறதோ? என்னையும் பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் விட்டவை. என்னத்தைக் கண்டன்?" என்றார் அம்புறோஸ்.

"அது தண்டனை மாமா. இது அப்பிடியில்லை."

"எல்லாம் ஒண்டுதான். பேந்து அரசாங்கப் பொம்பிளையள் வந்து பாத்து, எழுதிப்போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாளவை. நீ பாத்துக்கொண்டிரு."

டனிஸ்ரன் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டினான். முகத்தைப் பாராமலே சொன்னான்: "தாயின்ர உடுப்பு ஏதும் இருந்தா உள்ளுக்கு வைக்கட்டாம். மணத்துக்கு."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தால் அம்புறோஸுக்குச் சுகமாக இருந்திருக்கும். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, மருமகன் வேலையில் நின்ற நேரம் பார்த்து, மகளின் உடுப்பு முழுவதையும் கறுப்புப் பைகளில் அடைத்து, பஸ் ஏறிப் போய், புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிக்கு முன்னால் நிற்கும் பழைய உடுப்புத் தானப் பெட்டிக்குள் தள்ளியது அவர்தான். போனவரின் உடுப்பு வீட்டில் தொங்கினால் இருக்கிறவர் எழும்பமாட்டார் என்று அவர் கண்டிருக்கிறார். தலையணை உறையைக்கூட விட்டுவைக்கவில்லை. அவ்வளவு திறமாகத் துடைத்திருந்தார்.

கதவு கழன்றது. தூசி உறிஞ்சும் வாக்கியூமையும் பனி வழிக்கும் சவளையும் வெளியே எறிந்தார். சோபா மெத்தை இரண்டை இறக்கி விரித்தார். நத்தார் மின்குமிழ்ச் சரத்தை மேலே கொழுவினார். அவை சிமிட்டாமல் எரிய வைக்கும் வித்தை பிடிபடவே அரை நாள் போய்விட்டது.

கடைசியாக இழுத்தது குளிர் உடுப்புப் பெட்டி. வெளியே வருடத்தின் முதல் பனி தூவிக்கொண்டிருந்தது. பேத்தியின் போன வருடத்துப் பனியுடுப்பை எடுத்து விரித்துப் பார்த்தார். கட்டை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். ஒரு கையில் ஏதோ திரண்டு தட்டுப்பட்டது. தொப்பியும் கையுறையும் தொலையாமல் இருக்க உடுப்பின் கைக்குள்ளேயே திணித்துவிடுவது கார்டெறிப் பழக்கம். உள்ளே கைவிட்டார். பிள்ளையின் தொப்பி வந்தது. அதன் பின்னால் சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை ஒன்று, பெரியவர் அளவில். றொஷினியுடையது. ஒன்றுதான் இருந்தது.

நிலத்தில் குந்தி அதை மூக்கோடு வைத்தார். பூச்சி உருண்டை மணம் சுள்ளென்று ஏறியது. பங்குனி முடிய மகள் மடித்து வைக்க வைக்க, அந்த உருண்டைகளை அள்ளிப் போட்டவரும் அவர்தான். "அப்பா, நாறும்" என்றாள். "நாறட்டும், பூச்சி தின்னாது" என்றார்.

பின்னேரம் நடந்துபோய்ப் பேத்தியைக் கூட்டிவந்தார். கை கொடுக்காமல் முன்னால் நடந்தாள். வாசலில் ஈரச் சப்பாத்தைக் கழற்ற அவர் குனிந்ததுதான் தாமதம், தொடங்கிவிட்டாள். எட்டி உதைந்தாள். சப்பாத்து ஒரு பக்கம் பறந்தது. ஓடியவள் படிக்குக் கீழே வெளிச்சத்தைக் கண்டு நின்றாள். பிறகு உள்ளே தவழ்ந்து சுவரைப் பார்த்துச் சுருண்டுகொண்டாள்.

அம்புறோஸ் வெளியே நிலத்தில் இருந்தார். அழுகை விக்கலாக இறங்கிய பிறகு கையுறையை மெத்தையில் வைத்துத் தள்ளிவிட்டார்.

பிள்ளை அதை எடுத்தாள். முகர்ந்தாள்.

"நோன். இல்லை, இது அம்மா மணக்கேல்ல."

"ஓம் குஞ்சு. மணக்காது. அம்மப்பாதான்..."

கையுறையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "கை" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. அவளே அவருடைய வலக்கையை இழுத்தாள். ஐந்து மாதத்தில் அவளாகத் தொட்டது அதுதான் முதல். கையுறையை அந்தக் கையில் மாட்டப் பார்த்தாள். பாத்திரம் கழுவித் தடித்த விரல்கள் பாதிக்குமேல் போகவில்லை. ஆனாலும் விடாமல் இழுத்து, அந்தக் கையைக் கொண்டுபோய்த் தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிள்ளை..."

"கதைக்காதேங்கோ அம்மப்பா."

வாசலில் திறப்புச் சத்தம் கேட்டது. "மாமா? பிள்ளை எங்க?" என்றான் டனிஸ்ரன். அம்புறோஸுக்கு முழங்கால் விறைத்து, தோள் மூட்டு வலித்தது. நீட்டிய கையை எடுக்காமல் கிடந்தார். பெருவிரல் நுழையாத கம்பளிக் கூடு மட்டும் வெறுமையாகத் தொங்கி, பிள்ளையின் மூச்சுக்கு அசைந்துகொண்டிருந்தது.