கடலுக்கு அனுமதி வாங்கிய வார்டுத் தலைவர்

புயல் ஓய்ந்து பர்மாவின் யாங்கூன் முழுவதும் காய்ந்த பிறகும், தாமுவே பேட்டையில் வார்டுத் தலைவர் ஊ டின் லைங்கின் வீட்டுக்குள் மட்டும் முழங்கால் அளவு கடல் நின்றது. வாசற்படி தாண்டி ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஏற்றமும் வற்றமும் ஆற்றில் நடப்பது போலவே நடந்தன. நடுக்கூடத்தில், தலைவரின் நாற்காலியில், பொன்னுத்துரை ஈரக் கைலியோடு உட்கார்ந்திருந்தான். அவனை எரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

எல்லாவற்றுக்கும் விருந்தாளிச் சட்டம்தான் காரணம். யார் வீட்டில் யார் இரவு தங்கினாலும், பொழுது சாய்வதற்குள் வார்டுத் தலைவரிடம் போய், வந்தவர் யார், என்ன உறவு என்று சொல்லி அனுமதி வாங்க வேண்டும். எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சிக்கு எதிராக மாணவர்கள் தெருவில் இறங்கியதிலிருந்து இதில் கெடுபிடி அதிகம். அதே தெருவில் இருந்த மி சான், மோன் இனத்தவள். இந்த ஊருக்கு யாங்கூன் என்று பெயர் வைக்கும் முன்பே அவள் முன்னோர் இங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்தபோது ஆண் என்றார்கள், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. உப்பாறுகளைக் காக்கும் நாத், அதாவது ஆவி, அவளைக் கனவில் வந்து பெண் கேட்டது. முறைப்படி கல்யாணமாகி, பூசைகளில் பட்டுடுத்தி ஆடி அதன் வாக்கைச் சொன்னாள். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பொன்னுத்துரையையும் சேர்த்துக்கொண்டாள். நாத் மூத்த புருஷன், பொன்னுத்துரை இளையவன். வாழைப்பழம் யாருக்கு முதலில் என்பதைத் தவிர இருவருக்கும் தகராறு வந்ததாகத் தகவல் இல்லை.

பொன்னுத்துரைக்கு அக்கா வீட்டில்தான் பதிவு. ஆகவே மி சான் வீட்டில் வருடக்கணக்காக அவன் விருந்தாளி. மாலைதோறும் அவள் போய் ‘ஸயா’, அதாவது ஐயா, என்று நிற்பாள். ஆண்களை அழைக்கும் ‘கோ’வைப் போட்டு ஊ டின் லைங் தெருவே கேட்கும்படி ஆரம்பிப்பார்.

“வாங்க கோ சான்! இன்னிக்கும் அதே விருந்தாளியா? என்ன உறவு?”

“புருஷன், ஸயா.”

“சட்டத்துல அப்படி ஒண்ணு இல்லையே.”

‘சிநேகிதன்’ என்று அவள் சொல்லும்வரை விடமாட்டார். சொன்னதும் சிரிப்பார். கூட நிற்பவர்களும் சிரிப்பார்கள். தலைவர் சிரிக்கும்போது சும்மா நிற்கவும் சட்டத்தில் இடமில்லை.

இரண்டாயிரத்து எட்டு மே மாதம், புயல் வந்த மாலை, சிநேகிதன் என்று சொல்ல மி சான் மறுத்துவிட்டாள். தலைவர் ஆள் அனுப்பி பொன்னுத்துரையைத் தெருவில் தள்ளினார். அக்கா வீட்டை நோக்கி நடந்தவனைக் காற்று மரங்களோடு சேர்த்துப் படுக்கப் போட்டது. விடிந்தபோது உலகம் முடிந்திருந்தது. கூரை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, மரங்களில் குடியிருந்த நாத்துகள் நடுரோட்டில். ஈர விறகில் அவனை எரித்துவிட்டு வந்த மி சான், மூத்த புருஷன் முன் தேங்காயும் வாழைப்பழமும் வைத்தாள். “உங்க தம்பியைக் கொன்னவன் வீடு காஞ்சு கெடக்கு” என்றாள். அவ்வளவுதான். கடல் அன்றைக்கே வந்தது.

ஊ டின் லைங் பம்பு வைத்தார். இறைத்த தண்ணீர் சுவரேறித் திரும்பியது. பிக்குகள் ஓதினார்கள், இறால் துள்ளியது. மனைவி மிங்கலாடோனில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே தினமும் அவளுக்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பதக்கங்கள் துருப்பிடித்தன, பற்கள் ஆடின. எதிரே மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் விற்கும் கமலாட்சி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “ஸயா, விருந்தாளிய சொல்லாம கொள்ளாம வச்சிருக்கீங்களே! சட்டம் நம்ம எல்லாருக்கும்தானே?”

மேலிடத்திலும் அதையே கேட்டார்கள். உறவு தெரியாமல் பதிய முடியாது, அதைச் சொல்ல உறவுக்காரிதான் வேண்டும் என்றார்கள். இரண்டாயிரத்துப் பத்தில், தேர்தல் நெருங்கி வீட்டுப் பதிவுகளைச் சரிபார்க்க ஆரம்பித்தபோது, அவர் மி சான் வாசலில் வந்து நின்றார். பெண்களை அழைக்கும் ‘மா’ அன்றுதான் அவர் வாயில் வந்தது.

“மா சான், உங்க புருஷன் எங்க வீட்ல தங்கியிருக்கார். அனுமதி வேணும்.”

“யாரு?”

“உங்க புருஷன்.”

“கோடி வீட்டுக்குக் கேக்கல, ஸயா.”

கத்தினார். கோடி வீட்டுக்குக் கேட்டது.

“சரி, அனுமதி” என்றாள்.

“அப்ப கடல் போயிடுமில்ல?”

“தங்கத்தானே அனுமதி கேட்டீங்க? நாளைக்கும் பொழுது சாயறதுக்குள்ள வந்து சொல்லுங்க.”

பிறகு பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள் நடந்தாள். பொன்னுத்துரை நாற்காலியில் நகர்ந்து இடம் கொடுத்தான். தலைவர் இப்போதும் தினமும் வந்து கத்துகிறார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெருவில் விளக்கேற்றுகிறார்கள். அவர் வீட்டு இறால் நன்றாக இருக்கிறது. குழம்புக்கு உப்பு மட்டும் பார்த்துப் போட வேண்டும்.