பயத்துக்கு ஒரே கட்டம்

அடைக்கலம் கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் அந்த அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளரான நான் வெறும் வாய்தான். அதிகாரி இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் வருவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அறைக்குள் யார் எதை முணுமுணுத்தாலும் விடாமல் சொல்லியாக வேண்டும். எல்லாம் பதிவாகிறது, பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்ப்பார். போன மாதம் ஒரு பெரியவருக்கு இரக்கப்பட்டு ஒரே ஒரு வார்த்தையைக் கூட்டிவிட்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது போகட்டும், அந்தப் பெரியவருடைய மனுவையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அறைக்குள் நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டுவதில்லை.

அன்று வந்தவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடது கை முழுதாக நீளாது, கணவன் முறித்த கை. அவன் ஊரில் போலீஸ்காரன் என்பதால் புகார் கொடுக்கவும் வழியில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு ஓடி வந்திருந்தாள். மனு ஏற்கப்பட்டால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த வாரம் விமானத்தில் ஏற்றி அவனிடமே அனுப்பிவிடுவார்கள். குழந்தைக்கு ஆறு வயது. வெளியே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஐந்து கேள்விகள் ஒழுங்காகப் போயின. ஆறாவதுதான் உயிர்க் கேள்வி. திரும்பிப் போக ஃபியர் இருக்கிறதா?

இந்தச் சங்கதிக்கு இங்கிலீஷில் வார்த்தைக்கா பஞ்சம்! டீ தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட அந்த அதிகாரி 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்றுதான் ஆரம்பிப்பார். பஸ் வராவிட்டால் ஒர்ரி, மேலிடத்துக் கடிதத்தில் கன்சர்ன், கரப்பான்பூச்சியைக் கண்டால் ஸ்கேர்ட். ஆனால் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான், அதில் ஃபியர் என்றுதான் போட்டிருக்கிறது. ஒர்ரியெல்லாம் அதில் செல்லாது.

"திரும்பிப் போக பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "பயமா? எனக்கென்ன பயம்! நான் எதுக்கும் பயப்பட மாட்டேன்" என்று சிரித்தாள்.

அடிப்பாவி! அப்படியே சொன்னேன். அதிகாரி நெற்றியைச் சுருக்கிவிட்டு, போகட்டும், ஒர்ரியாவது உண்டா என்றார்.

"கொஞ்சம் கவலைதான். பொண்ணு படிப்பு கெட்டுடுமேன்னு."

அதையும் சொன்னேன். டிரெட், டெரர், ஏதாவது? என்றார் அதிகாரி. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த கிலி, திகில், நடுக்கம் எல்லாவற்றையும் அவள் முன்னால் கொட்டினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

மேஜைக்கடியில் அவள் பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கியிருந்தாள், விரல் வெளுத்துப் போயிருந்தது. வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்து கதவுப் பக்கம் வெட்டியது. எனக்குத் தெரிந்தது. ஆனால் பார்த்ததைச் சொல்வது என் வேலை இல்லை. கேட்டதைச் சொல்வதுதான் வேலை.

"எங்க அம்மாவுக்கு எதுக்குமே பயம் கிடையாது, தெரியுமா?" என்றது குழந்தை, பெருமையாக.

அப்போதுதான் புரிந்தது, இவள் யாருக்காக வீரம் பேசுகிறாள் என்று. பாழாய்ப்போன விதிமுறை, அதையும் இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தேன்.

"ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று இழுத்தார் அதிகாரி. நேரம் முடிந்துவிட்டதாம். ஃபைலை மூடி, பேனாவுக்கும் மூடி போட்டார்.

வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கியது. கதவைத் திறந்துகொண்டு காவலாளி எட்டிப் பார்த்தார். அடுத்த ஆளை அனுப்பலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார், பாவம். உடம்பில் சீருடை, இடுப்பில் சாவிக்கொத்து.

நாற்காலியில் குழந்தையைக் காணோம்.

மேஜைக்கடியிலிருந்து கிசுகிசுப்பு வந்தது. "அம்மா, சீக்கிரம் உள்ள வா. போன தடவை மாதிரி அழுதுடாத. அப்பாவுக்குக் கேட்டுடும். நான் எண்ணறேன். ஒண்ணு... ரெண்டு..."

"சொல்லாதீங்க அக்கா!" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது விளையாட்டு. நாங்க சும்மா விளையாடறது, அக்கா. அதைச் சொல்லிடாதீங்க, உங்க கால்ல விழறேன்!"

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிடாதே என்றதை, அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்றதை, விளையாட்டு என்றதை, சொல்லாதே என்று அவள் கெஞ்சியதையும். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. கீழே எண்ணிக்கை நிற்கவில்லை. மூணு, நாலு, அஞ்சு. நானும் கூடவே இங்கிலீஷில் எண்ணினேன்.

அதிகாரி கையசைத்துக் காவலாளியை அனுப்பினார். ஃபைலைத் திறந்தார்.

பதினேழில் அவள் நாற்காலியை விட்டு இறங்கி, மேஜைக்கடியில் புகுந்து, மகளை வாரி அணைத்துக்கொண்டாள்.

"போதும்டி கண்ணு, எண்ணாத. அம்மாவுக்கும் பயமா இருக்குடி. ரொம்ப பயமா இருக்கு."

சொன்னேன். பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்மா" என்றது குழந்தை.

அதையும் சொன்னேன்.